மொட்டை மாடியில் ரேடியோ தொலைநோக்கி: முதலில் சூரியன், பிறகு பால்வீதி

மார்ச் மாதத்தில் சில நாள், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போதே டிவி படம் கட்டம் கட்டமாக உடையும். சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். மறுநாளும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே கதை. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ இன்னொரு முறை வரும். கேபிள்காரர்கள் இதைச் 'சன் அவுட்டேஜ்' என்பார்கள். அந்த நாட்களில், டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது. சூரியனின் ரேடியோ இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் மூழ்கிவிடுகிறது. கெட்டுப்போனது படம் மட்டும்தான். டிஷ் அந்தச் சில நிமிடமும் சூரியனைத் துல்லியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

தற்செயலாக நடக்கும் அதை நாமே விரும்பிச் செய்து பார்ப்பதற்கான வழி இது. இரண்டு கட்டமாகப் போகலாம். முதல் கட்டத்தில், பழைய டிடிஎச் டிஷ் ஒன்றை வைத்துச் சூரியனைப் பிடிப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இரண்டாவதில், தகர டப்பாவும் அலுமினியத் தாளும் வைத்துப் பால்வீதியின் ஹைட்ரஜனைப் பிடிப்போம். அதற்குச் சில வாரம் ஆகும். பள்ளிக்கூட இயற்பியல் போதும். ஓரிரண்டு இடத்தில் சால்டரிங் வரும்.

கருவியைத் தொடும் முன்

ரேடியோ தொலைநோக்கி என்றதும், யாரோ பேசுவதைக் கேட்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு திசையிலிருந்து வரும் ரேடியோ அலையின் திறனை அளக்கிறது, அவ்வளவுதான். வானத்திலிருந்து வருவது 'ஸ்ஸ்ஸ்' என்ற வெறும் இரைச்சல். சிக்கல் என்னவென்றால், உங்கள் கருவியும் அதே மாதிரிதான் இரையும். சுவர், மரம், தரை, உங்கள் உடம்பு என்று சூடுள்ள எந்தப் பொருளும் கொஞ்சம் ரேடியோ அலையை உமிழ்ந்துகொண்டே இருக்கும். எல்லாம் ஒரே 'ஸ்ஸ்ஸ்' என்பதால், எது எவ்வளவு என்று காதால் பிரிக்க வழியே இல்லை.

ஆகவே வேண்டிய இடத்தைப் பார்த்து ஓர் அளவு எடுக்க வேண்டும். வேண்டாத இடத்தைப் பார்த்து இன்னோர் அளவு எடுக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வானம். பெரிய டிஷ்ஷும் விலை உயர்ந்த கருவியும் இருந்தால்தான் எதையும் பார்க்க முடியும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அதைவிட முக்கியம் நல்ல கழித்தல். கீழே வரும் ஒவ்வொரு படியிலும், எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

இத்துறையில் இரைச்சலை வெப்பநிலையாகவே சொல்வார்கள், கெல்வின் கணக்கில். உங்கள் வீட்டுச் சுவர் சுமார் 300 கெல்வின். இரண்டாம் கட்டத்தில் நாம் பிடிக்கப்போகும் ஹைட்ரஜனின் 21 செ.மீ அலைநீளத்தில் வெறும் வானம் 10 கெல்வினுக்குள் அடங்கிவிடும். இந்த இரண்டு எண்ணும் பின்னால் வேலைக்கு வரும்.

இதையெல்லாம் தரையில் நின்றே செய்ய முடிவது பெரிய வசதி. எக்ஸ் கதிரைப் பார்க்க வளிமண்டலத்துக்கு மேலே போய்த்தான் ஆக வேண்டும். ரேடியோவுக்கு வளிமண்டலம் அகலமான ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. சுமார் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகளை அயனி மண்டலம் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். மிக உயர்ந்த அதிர்வெண்களை நீராவியும் ஆக்சிஜனும் உறிஞ்சிவிடும். நடுவில் உள்ளதற்கு இரவு பகல் வேறுபாடில்லை. 21 செ.மீ அலைக்கு மழை மேகமும் தடையில்லை.

முதல் கட்டம்: பழைய டிஷ்ஷும் சூரியனும்

ஓடிக்கொண்டிருக்கும் வீட்டு டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம். பழைய இரும்புக் கடையில் 60 செ.மீ டிஷ், கைப்பிடியும் எல்.என்.பி.யும் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் சின்னக் கருவி) சேர்ந்தே கிடைக்கும். கூடவே வேண்டியவை: டிஷ் பொருத்த வருபவர்கள் கையில் வைத்திருக்கும் சாட்டிலைட் ஃபைண்டர் மீட்டர் (முள் ஆடுகிற மலிவான வகையே நல்லது), மின்சாரம் கொடுக்க ஒரு பழைய செட்டாப் பாக்ஸ், எஃப் கனெக்டர் போட்ட இரண்டு துண்டு கேபிள். எல்.என்.பி.யிலிருந்து வரும் கேபிள் மீட்டரின் ஒரு பக்கம், செட்டாப் பாக்ஸ் மறு பக்கம். பாக்ஸை ஆன் செய்தால் அந்த மின்சாரம் மீட்டர் வழியாக எல்.என்.பி.க்குப் போய்விடும்.

டிஷ்ஷை வெறும் வானத்தை நோக்கித் திருப்பி, முள் அடிமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி மீட்டரின் குமிழை வையுங்கள். இனி அந்தக் குமிழைத் தொடக் கூடாது. இப்போது டிஷ்ஷை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். முள் ஏறும். வானம் குளிர், சுவர் சூடு. ஒரு பொருளின் வெப்பத்தை ரேடியோவில் அளந்துவிட்டீர்கள். கையை எல்.என்.பி.க்கு முன்னால் நீட்டினாலும் முள் ஏறும். இந்த இடத்தில் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் போங்கள். கையின் வெப்பத்துக்கு முள் ஆடுவதைப் பார்த்தபின் மீதிப் பாடம் தானாகப் புரியும்.

அடுத்தது சூரியன். ஒருபோதும் கண்ணால் நேராகப் பார்த்துக் குறி வைக்கக் கூடாது. பார்க்கத் தேவையும் இல்லை. டிடிஎச் டிஷ் சாய்வாகப் பார்க்கும் வகை. முகம் எங்கே திரும்பியிருக்கிறதோ, அதைவிடச் சுமார் 20 பாகைக்கு மேலே அதன் பார்வை போகும். அதனால் கண்ணளவில் குறி வைத்தால் தப்பும். நகம் அளவு கண்ணாடித் துண்டு ஒன்றை டிஷ்ஷின் நடுவில், பரப்போடு படிந்தாற்போல ஒட்டுங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சப் புள்ளி எல்.என்.பி.யின் மூக்கில் விழும்படி டிஷ்ஷைத் திருப்பினால் சூரியன் பார்வைக்குள் வந்துவிட்டது. டிஷ் முழுக்கப் பளபளப்பாக எதையும் ஒட்டிவிடாதீர்கள். குவியும் வெயிலில் எல்.என்.பி. உருகும்.

முள் எம்பியதும், டிஷ்ஷை அசைத்து உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு மேற்கே கொஞ்சம் தள்ளி, சூரியன் இனிமேல் வரப்போகும் இடத்தில் டிஷ்ஷை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பூமி சுழல்வதால் வானம் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை முள் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் வீடியோ எடுத்துவைத்துவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளுங்கள். வரைந்து பார்த்தால், ஏறி இறங்கும் அழகான மேடு ஒன்று வரும். இரண்டு பக்கமும் உள்ள சமதளம் வெறும் வானம். அதை உச்சத்திலிருந்து கழித்தால் சூரியன்.

இந்த மேட்டின் அகலத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. சூரியனின் அகலம் அரை பாகைதான். அது தன் அகலத்தைக் கடக்க 2 நிமிடம் போதும். உங்கள் மேடோ, பாதி உயரத்தில் அளந்தால் 12 நிமிடம் பக்கம் இருக்கும். அது சூரியனின் அகலம் இல்லை, டிஷ்ஷின் பார்வை அகலம். கணக்கு எளிது: அலைநீளத்தை டிஷ்ஷின் விட்டத்தால் வகுத்து 70-ஆல் பெருக்கினால் பாகையில் விடை வரும். இங்கே அலைநீளம் 2.5 செ.மீ, விட்டம் 60 செ.மீ, விடை ஏறத்தாழ 3 பாகை. 21 செ.மீ அலையில் மனிதக் கண்ணின் கூர்மை வேண்டுமென்றால், இதே வகைக் கணக்கில் 700 மீட்டருக்கும் அகலமான டிஷ் தேவைப்படும். ரேடியோ தொலைநோக்கிகள் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பதற்குப் பாதி விடை இதுதான்.

எப்போது செய்வது? சன் அவுட்டேஜ் வரும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்; சூரியன் செயற்கைக்கோள் வரிசைக்கு அருகில் இருப்பதால் எதன் இரைச்சல் என்று தெரியாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஜனவரியும், ஏப்ரல் கடைசி முதல் மே வரையும் நல்ல நாட்கள். 12 கிகாஹெர்ட்ஸ் அலையை மழை உறிஞ்சும், அதனால் வானம் தெளிவாக இருக்கும் நாளாகப் பாருங்கள்.

இரண்டாம் கட்டம்: டப்பாவும் புனலும்

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஓர் எலக்ட்ரான். எலக்ட்ரானின் சுழற்சி தலைகீழாகும்போது 1420.406 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21.1 செ.மீ அலைநீளத்தில் ரேடியோ அலை வெளிவரும். இந்த ஒற்றை அதிர்வெண்ணைத்தான் ஹைட்ரஜன் கோடு என்பார்கள். தனியாக விடப்பட்ட ஓர் அணுவில் இது நடக்கச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் பால்வீதியில் ஹைட்ரஜன் அவ்வளவு கொட்டிக் கிடப்பதால் எப்போதும் எங்கேயாவது நடந்துகொண்டே இருக்கிறது. 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி. அதனால்தான் நகரத்து மொட்டை மாடியிலிருந்தும் இதைப் பார்க்க முடிகிறது.

1951 மார்ச் 25 அன்று ஹார்வர்டில் ஹெரால்ட் யூவனும் எட்வர்ட் பர்செலும் இதை முதன்முதலில் பிடித்தார்கள். ஒட்டுப்பலகையில் செம்புத் தாள் ஒட்டிய ஒரு புனலை ஆய்வகத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார்கள். கருவியின் அதிர்வெண்ணைக் கோட்டின் மேலும் கோட்டுக்குப் பக்கத்திலும் மாற்றி மாற்றி வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார்கள். நாமும் கிட்டத்தட்ட அதே புனலைத்தான் செய்யப் போகிறோம்.

முதலில் டப்பா. தின்னர், பெயின்ட் வரும் செவ்வகத் தகர டப்பாக்களில், அகலப் பக்கம் 15 முதல் 18 செ.மீ, குறுகிய பக்கம் சுமார் 10 செ.மீ, உயரம் 20 செ.மீ-க்கு மேல் உள்ளதாகத் தேடுங்கள். அகலப் பக்கம் 10.6 செ.மீ-க்குக் குறைந்தால் அலை உள்ளேயே நுழையாது. 21 செ.மீ-ஐத் தாண்டினால் வேண்டாத வடிவங்களிலும் அலை ஓடும். 15 கிலோ எண்ணெய் டின் சரிப்படாததற்குக் காரணம் இதுதான். தின்னர் இருந்த டப்பா என்றால் நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்து, வாடை முழுதும் போன பிறகே வெட்டுங்கள். மேல் மூடிப் பக்கத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட வேண்டும்.

அகலப் பக்கத்துச் சுவரின் நட்டநடுக் கோட்டில், மூடிய அடிப்பகுதியிலிருந்து சரியான தூரத்தில் ஓர் ஓட்டை போடுங்கள். அகலப் பக்கம் 15 செ.மீ என்றால் அடியிலிருந்து 7.4 செ.மீ, 16.5 என்றால் 6.9, 18 என்றால் 6.5. அதில் எஸ்.எம்.ஏ கனெக்டரை (கேபிளைத் திருகி மாட்டும் சின்ன வகை) பொருத்தி, நடு ஊசியில் 2 மி.மீ தடிமன் உள்ள ஒற்றைச் செம்புக் கம்பியைச் சால்டர் செய்யுங்கள். கம்பி டப்பாவுக்குள் 5.2 செ.மீ நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆன்டெனா என்பது அந்தக் கம்பிதான். டப்பாவும் புனலும் அலையை அதனிடம் கூட்டி வருகின்றன.

புனலுக்கு அலுமினியத் தாள் ஒட்டிய தெர்மாகோல் பலகை போதும். வாய் 75-க்கு 60 செ.மீ, நீளம் 70 செ.மீ. இரண்டு பலகைகள் 75-இல் தொடங்கி டப்பாவின் அகலப் பக்க அளவில் முடியும். மற்ற இரண்டு 60-இல் தொடங்கிக் குறுகிய பக்க அளவில் முடியும். சமையலறை அலுமினியத் தாளே போதும். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேல் 2 மைக்ரான் ஆழத்தில்தான் ஓடுகிறது. மூலைகளையும், புனல் டப்பாவோடு சேரும் இடத்தையும் ஏசி வேலைக்குப் பயன்படும் அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். டேப்பின் பசை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் இரண்டு பக்கமும் 3 செ.மீ ஏறி ஒட்டியிருந்தால் இந்த வேலைக்குப் போதும்.

பலகை கொஞ்சம் கோணலாக வந்தால் கவலைப்படாதீர்கள். அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 2 செ.மீ-க்குள் உள்ள மேடு பள்ளம் இந்த அலைக்குத் தெரியாது. புனே அருகே கோடாட்டில் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. என்ற பெரிய ரேடியோ தொலைநோக்கியின் 45 மீட்டர் டிஷ்கள் தகடே இல்லை. மெல்லிய எஃகுக் கம்பியால் பின்னிய வலை. ஒளி அதற்குள் புகுந்து போய்விடும், ரேடியோ அலை முட்டித் திரும்பும். காற்றும் புகுந்து போவதால் அவ்வளவு பெரிய டிஷ்ஷை லேசாகக் கட்ட முடிந்தது.

இனி மின்னணுப் பகுதி. ஹைட்ரஜன் கோட்டுக்கென்றே வடிகட்டியோடு சேர்த்து விற்கும் எல்.என்.ஏ பெருக்கி ஒன்று, ஆர்டிஎல்-எஸ்டிஆர் ஒன்று. இந்த எஸ்டிஆர், கம்ப்யூட்டரில் டிவி பார்க்க வந்த சின்ன யுஎஸ்பி கருவி. அதைப் பொதுவான ரேடியோவாக மாற்றலாம் என்பது 2012-இல் பரவலாகத் தெரியவந்தது. காசு செலவழிக்க வேண்டிய இடம் எல்.என்.ஏ. அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். டப்பாவின் கனெக்டரிலேயே, கேபிளே இல்லாமல், எல்.என்.ஏ.வை நேராகத் திருகிவிடுங்கள். பெருக்கிக்கு முன்னால் வரும் கேபிள் ஒவ்வொரு அடியும் சிக்னலைத் தின்று, தன் இரைச்சலையும் சேர்க்கும். பெருக்கிய பிறகு எவ்வளவு நீளக் கேபிள் போட்டாலும் பெரிய நட்டமில்லை.

கம்ப்யூட்டர் பக்கம்

எஸ்டிஆர் ஷார்ப், ஜிஎன்யூ ரேடியோ, விர்கோ என்று இலவச மென்பொருள்கள் உண்டு. தொடங்குபவருக்கு விர்கோ எளிது. கழித்து வகுக்கும் வேலையை அதுவே செய்து படமும் வரைந்து தரும். எதை எடுத்தாலும் அமைப்பு ஒன்றுதான். நடு அதிர்வெண் 1421.0, அகலம் 2.4 மெகாஹெர்ட்ஸ். நடுவை வேண்டுமென்றேதான் கோட்டிலிருந்து தள்ளி வைக்கிறோம்: எஸ்டிஆர் தன் நடு அதிர்வெண்ணில் ஒரு போலி ஊசியைத் தானே உண்டாக்கும், அது கோட்டின் தலையில் விழக் கூடாது. எல்.என்.ஏ.வுக்கு மின்சாரம் போக, எஸ்டிஆரில் உள்ள பயாஸ்-டீயை (அதே கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும் வசதி) ஆன் செய்யுங்கள். தானியங்கிக் கெயின் கட்டாயம் ஆஃப். அது ஆனில் இருந்தால், வானத்தின் இரைச்சல் ஏறும்போதெல்லாம் கருவி தானாகக் குறைத்துக்கொண்டு, நீங்கள் அளக்க வந்ததையே அழித்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு வாரத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இந்த ஒரு டிக் குறியில்தான்.

இருபது நிமிடம் ஓடவிட்டுக் கருவி சூடானபின் சோதனை செய்யுங்கள். புனலைச் சுவருக்குக் காட்டி ஓர் அளவு, நேர் மேலே வானத்துக்குக் காட்டி ஓர் அளவு. மென்பொருள் டெசிபலில் காட்டினால் அதைச் சாதாரணத் திறன் விகிதமாக மாற்றிக்கொள்ளுங்கள். சுவரின் அளவு வானத்தைப் போல 3 மடங்கு என்று வைப்போம். சுவர் 300 கெல்வின், வானம் 10 கெல்வின், கருவியின் சொந்த இரைச்சல் தெரியாத எண். 300-உடன் அந்த எண்ணைக் கூட்டினால் வருவது, 10-உடன் அதே எண்ணைக் கூட்டினால் வருவதைப் போல 3 மடங்கு. விடை 135 கெல்வின். இந்தக் கட்டமைப்புக்கு இது நல்ல எண். விகிதம் 1.5-க்குக் கீழே இருந்தால், கம்பியின் சால்டரையும் எல்.என்.ஏ.வுக்கு மின்சாரம் போகிறதா என்பதையும் பாருங்கள்.

135 கெல்வின் இரைச்சலுக்கு நடுவே அதைவிடச் சிறிய சிக்னலை எப்படிப் பார்ப்பது? பொறுமையால். 10 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கட்டத்தில் ஒரு விநாடி அளந்தால், அளவு 1.35 கெல்வின் முன்னே பின்னே ஆடும். ஒரு நிமிடம் சராசரி எடுத்தால் ஆட்டம் 0.17 கெல்வினாகச் சுருங்கிவிடும். நூறு மடங்கு நேரம் எடுத்தால் ஆட்டம் பத்தில் ஒன்றாகும்.

எங்கே பார்ப்பது, எப்போது

இந்தப் புனலின் பார்வை அகலம் சுமார் 20 பாகை. கையை முழுதாக நீட்டினால் தெரியும் இரண்டு முஷ்டி அகலம். குறி வைக்கவே வேண்டாம். புனலை நேர் மேலே நிமிர்த்தி, காற்றில் சாயாமல் கட்டிவையுங்கள். நம் ஊர்களின் உச்சியில் பால்வீதி ஒரு நாளைக்கு இரண்டு முறை கடந்து போகும். திருவாதிரை நட்சத்திரம் (பீட்டல்ஜூஸ்) உச்சிக் கோட்டை, அதாவது தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஓடும் கோட்டை, கடந்து அரை மணி கழித்து ஒரு முறை. திருவோணம் (ஆல்டேர்) உச்சிக் கோட்டுக்கு வருவதற்குச் சுமார் 40 நிமிடம் முன்னால் இன்னொரு முறை. ஜூலைத் தொடக்கத்தில் திருவோணப் பக்கத்துப் பால்வீதி நள்ளிரவில் வரும், டிசம்பர் கடைசியில் திருவாதிரைப் பக்கம். பகலில் வந்தாலும் கவலை இல்லை. உங்கள் ஊருக்கான நேரத்தை ஸ்டெல்லேரியம் மென்பொருளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிக்க ஒரு வெற்றிடம் வேண்டுமே? அதற்குச் சித்திரை நட்சத்திரம் (ஸ்பைகா) இருக்கிறது. அது உச்சிக் கோட்டைக் கடக்கும் நேரத்தில் நம் தலைக்கு நேர் மேலே இருப்பது, பால்வீதியின் தளத்திலிருந்து வெகு தூரம் விலகிய வானம். ஹைட்ரஜன் மிகக் குறைவு. அப்போது பத்து நிமிடம் பதிவு எடுத்து வைத்துக்கொண்டால் அதுதான் உங்கள் அடிக்கோடு. பால்வீதிப் பதிவிலிருந்து அடிக்கோட்டைக் கழித்து, பிறகு அடிக்கோட்டாலேயே வகுத்துவிடுங்கள். எஸ்டிஆரின் சொந்தக் கூனல் முழுதும் மறைந்து, 1420.4-க்குப் பக்கத்தில் ஒரு மேடு எழும். முதல் முறை அது எழும்போது எனக்குப் பேச்சே வரவில்லை. பல நூறு, பல ஆயிரம் ஒளியாண்டு தூரத்து அணுக்கள், தின்னர் டப்பாவில்.

அது வானம்தானா, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரா? இதைத் தெரிந்துகொள்ள, அமெரிக்கப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி 1932-இல் பயன்படுத்திய அதே சோதனை போதும். அவருடைய ஆன்டெனாவில் ஓர் இரைச்சல் நாள்தோறும் வந்தது. ஆனால் 24 மணிக்கு ஒரு முறை அல்ல, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை. சூரியனை ஒட்டி நடக்கும் எதுவும் அப்படி வராது. நட்சத்திரங்கள்தான் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக வரும். ரேடியோ வானியல் பிறந்தது அந்த 4 நிமிடத்தில். ஒரு வாரம் பதிவு எடுங்கள். உங்கள் மேடு வாரத்தில் அரை மணி முன்னால் நகர்ந்தால் அது பால்வீதி. தினமும் சரியாக மாலை ஆறரைக்கு வந்தால் அது யாரோ போடும் விளக்கு.

எல்.இ.டி விளக்கு, மலிவான போன் சார்ஜர், இன்வெர்ட்டர், இண்டக்ஷன் அடுப்பு எல்லாமே இரைச்சல் கொட்டும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், புனலிலிருந்து தள்ளி வையுங்கள். இடி மின்னல் வரும் மாலைகளில் கேபிளைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். மின்கம்பி பக்கம் புனலைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கழித்துப் பார்த்தும் போகாத இரைச்சல் சில சமயம் குறையே இல்லாமலும் இருக்கும். 1964-65-இல் அமெரிக்காவின் ஹோம்டெலில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு வானியலாளர்கள் தங்கள் பெரிய புனலில் மிச்சம் விழுந்த சுமார் 3.5 கெல்வினுக்குக் காரணம் தேடினார்கள். புறா எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள். எங்கே திருப்பினாலும் அது போகவில்லை. பிரபஞ்சத்தின் தொடக்கக் காலத்து வெப்பத்தின் மிச்சம் அது. உங்கள் 10 கெல்வின் வானத்திலும் அதன் 2.7 கெல்வின் இருக்கிறது.

பெரியவர்கள் எப்படிக் கழிக்கிறார்கள்

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில், மலைச் சரிவில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்ததில்தான் அழகு. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை; வடக்கு தெற்காக ஓடும் மலைச் சரிவும் 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அந்த ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரே பொருளைப் பின்தொடரலாம். தொடக்கக் காலத்தில் அதற்குக் கழித்துக் கொடுத்தது சந்திரன். தூரத்து ரேடியோ மூலம் ஒன்றைச் சந்திரன் மறைக்கும்போது சிக்னல் எந்தக் கணத்தில், எப்படிக் குறைகிறது என்று பார்த்தே, அந்த மூலத்தின் இடத்தையும் வடிவத்தையும் நுணுக்கமாகக் கண்டார்கள்.

ஜி.எம்.ஆர்.டி.யில் 30 டிஷ்கள், 25 கிலோமீட்டர் வரை பரவியவை. ஒவ்வொரு பெருக்கியின் இரைச்சலும் தனித்தனி. வானத்திலிருந்து வருவது மட்டும் எல்லாருக்கும் பொது. இரண்டிரண்டு டிஷ்களாக, மொத்தம் 435 ஜோடிகளின் சிக்னல்களை ஒன்றோடொன்று பெருக்கிச் சராசரி எடுத்தால் தனி இரைச்சல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், பொதுவானது நிற்கும்.

மேட்டைப் படிப்பது

கோடு 1420.406-இல் இருக்க வேண்டும். உங்கள் மேடு அங்கேயே நிற்காது. ஹைட்ரஜன் நம்மை நோக்கி வந்தால் அதிர்வெண் கூடும், விலகிப் போனால் குறையும்; விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 4.74 கிலோஹெர்ட்ஸ். திருவோணப் பக்கத்தில் மேடு அகன்று, ஒன்றுக்கு மேற்பட்ட முகடுகளோடு, குறைந்த அதிர்வெண் பக்கம் இழுபட்டு இருக்கும். அது பால்வீதியின் உள்பகுதி. நம்மைவிட முன்னே ஓடி விலகும் வாயு. திருவாதிரைப் பக்கத்தில் நாம் பால்வீதியின் வெளிப்புறத்தைப் பார்க்கிறோம், மேடு ஒல்லியாக நிற்கும். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால், பால்வீதி சுழல்வது உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

அந்த ஒல்லி மேட்டுக்கு இன்னொரு பயன் உண்டு. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். செப்டம்பர் கடைசி வாரத்தில் திருவாதிரைப் பக்கத்துப் பால்வீதி அதிகாலை ஆறு மணியளவில் நம் உச்சிக்கு வரும். அப்போது பூமி அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். மார்ச் கடைசி வாரத்தில் அதே இடம் மாலை ஆறு மணியளவில் உச்சிக்கு வரும்; அப்போது பூமி அதைவிட்டு விலகிக்கொண்டிருக்கும். இரண்டு நாளும் புனலை அசைக்காமல் ஒரே மாதிரிப் பதிவு எடுங்கள். செப்டம்பர் மேட்டின் அதிர்வெண்ணிலிருந்து மார்ச் மேட்டினுடையதைக் கழியுங்கள். கிட்டத்தட்ட 280 கிலோஹெர்ட்ஸ் வரும். 4.74-ஆல் வகுத்து, பாதியாக்குங்கள்.